நமக்குள் எழுத்து எதற்கு?

ஜனாஸாத் தொழுகைக்கு ஸஃபு கட்டி நிற்கிறோம். சந்தூக்கு முன்னே வைக்கப்பட்டிருக்கிறது. இமாம் அவர்கள் தக்பீர் கட்டுவதற்கு முன், மவுத்தானவரின் மகனாரோ மருமகனாரோ ஜமாஅத்தார் பக்கம் திரும்பி நின்று, வாப்பா அவர்கள் யாருக்கேனும் கொடுக்க வேண்டியது இருந்தால் எங்களிடம் வந்து சொல்லுங்கள், அதற்கு நாங்கள் பொறுப்பு என்று தழுதழுத்த குரலில் அறிவிக்கிறார். அரை நிமிடம் அமைதி. யாரும் பேசுவதில்லை. பிறகு தக்பீர்.

நம் ஊர்களில் தொன்றுதொட்டு இருந்துவரும் நல்ல வழக்கம் இது. இதனைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் அந்த அரை நிமிடத்தில் யார்தான் வாய் திறப்பார்? தகப்பனைப் பறிகொடுத்துவிட்டு நிற்கும் பிள்ளையைப் பார்த்து, எனக்கு இத்தனை ரூபாய் வரவேண்டும் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? பின்னால் பார்த்துக் கொள்ளலாம் என்றுதான் தோன்றும். பின்னால் சிலர் வருகிறார்கள், சிலர் வருவதில்லை. இது ஒருபுறம் இருக்கட்டும். மவுத்தானவர் அதிகமாகக் கடன்பட்டிருந்த ஆள் பல வேளைகளில் அந்த ஸஃபிலேயே இருப்பதில்லை. அவர் வீட்டுக்குள்ளே, இத்தாவின் முதல் நாளில், அழுதுகொண்டிருக்கிறார்.

இதை நாம் கற்பனையாகச் சொல்லவில்லை. பராயிள் சட்டப்படி பங்கு பிரித்துக் கொடுக்க நம்மை அவ்வப்போது அழைப்பதுண்டு. அப்படி அழைக்கப்பட்டுப் போன ஒரு வீட்டின் கதையைத்தான் இங்கே எழுத எண்ணினோம். ஊரும் பேரும் வேண்டாம். அந்த வீட்டுக்காரர் 1983-ஆம் ஆண்டில் அரபு நாட்டுக்குச் சஃபர் போனவர். அந்நாளில் பம்பாயில் ஏஜெண்டுக்குப் பணம் கட்டினால்தான் விசா. கையில் பணம் கிடையாது. மனைவிக்குத் தாய் வீட்டில் போட்ட நகை 14 சவரன் இருந்தது. அதைக் கழற்றி வாங்கிக் கொண்டு போய் விற்றார். இன்ஷா அல்லாஹ், முதல் லீவில் வரும்போது செய்து போட்டுவிடுகிறேன் என்று சொன்னார். சொன்னது உண்மை, செய்ய வேண்டும் என்ற எண்ணமும் உண்மைதான்.

முதல் லீவில் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. இரண்டாவது லீவில் வீட்டுக்கு வானம் தோண்டினார்கள். மூன்றாவது லீவில் பிள்ளைகளின் படிப்பு. பிறகு ஊரோடு வந்து கடை வைத்தார். அல்லாஹ் பரக்கத் செய்தான். ஐவேளைத் தொழுகையாளி, மளிகைக்காரருக்கோ பால்காரருக்கோ ஒருநாள்கூடப் பாக்கி வைத்தவரல்லர். ஆனால் அந்த 14 சவரன் மட்டும் எங்கும் எழுதப்படவில்லை. எழுதாத ஒன்று முப்பது ஆண்டுகளில் என்னவாகும்? மறந்தே போகும். மனைவி கேட்கவில்லை, கணவருக்கு நினைவில்லை. அப்படியே மவுத்தாகிவிட்டார்.

இத்தா முடிந்தபின் நம்மை அழைத்தார்கள். வாரிசுகள் மனைவி, இரண்டு ஆண்மக்கள், மூன்று பெண்மக்கள். கணக்கு எவ்வளவு அழகாக விழுந்தது தெரியுமா! சொத்தை எட்டுப் பங்காக்கினால், மனைவிக்கு எட்டில் ஒன்று, ஆண்மக்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு, பெண்மக்கள் ஒவ்வொருவருக்கும் ஒன்று. பின்னமே இல்லாமல் முடிந்துவிட்டது. நாமும் மகிழ்ந்து போய் எழுதி முடித்தோம். எழுதுவதற்கு முன் கேட்க வேண்டிய முறைப்படி, கடன் ஏதும் உண்டா என்றும் கேட்டோம். வெளிக் கடன் எதுவுமில்லை என்றார்கள் பிள்ளைகள்.

தாளை மடிக்கும் நேரத்தில் இளைய மகள்தான், உம்மாவின் நகையை வாப்பா திருப்பிச் செய்து போட்டார்களா என்று கேட்டார். அறையில் ஒரு சங்கடம். மூத்தவர், அதெல்லாம் உம்மா அப்பொழுதே மன்னித்திருப்பார்கள் என்றார். நாம் திரைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மையாரிடம் கேட்டோம். சற்று நேரம் கழித்துப் பதில் வந்தது.

"அது கெடக்கட்டும் காக்கா. அவுக ஹயாத்தா இருக்கும்போது கேக்காதத, இப்ப கேட்டா நல்லாவா இருக்கும்?"

கிடக்கட்டும் என்பது மன்னித்துவிட்டதாகுமா, அல்லது வெட்கத்துக்காகச் சொன்னதாகுமா? திருமறையின் 4-வது அத்தியாயம் 4-வது வசனம் மனைவியரின் மஹரைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் கணவன் அதை உண்ணலாம் என்கிறது. மனமுவந்து என்பதுதான் நிபந்தனை. வெட்கத்துக்குக் கட்டுப்பட்டுக் கொடுக்கப்பட்ட பொருள் மனமொப்பிக் கொடுக்கப்பட்டதாகாது என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எச்சரித்திருக்கிறார்கள். அந்த வீட்டில் நாம் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அந்த அம்மையாருக்கு எட்டில் ஒன்று என்று எழுதியது நம் கைதான். எதில் எட்டில் ஒன்று? அவருடைய சொந்தப் பொருளும் கலந்து கிடந்த சொத்தில்! தன் பொருளில் தனக்கே எட்டில் ஒரு பங்கை வாரிசுரிமையாகப் பெற்றுக்கொண்டு அவர் துஆச் செய்தார். அன்று வீடு திரும்பிய நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

கடனின் வரிசை என்னவென்று நமக்கெல்லாம் தெரியும். மையித்தின் கஃபன் செலவுக்குப் பிறகு கடன். அதற்குப் பிறகு வஸிய்யத். அதற்கும் பிறகுதான் வாரிசுகளுக்குப் பங்கு. கடன் தீராமல் வாரிசு என்ற பேச்சுக்கே இடமில்லை. இதில் வெளிக்கடன், உள்கடன் என்ற பிரிவு எந்தக் கிதாபிலும் கிடையாது. மளிகைக்கடைப் பாக்கியும் கடன்தான். மனைவியிடம் வாங்கிய நகையும் கடன்தான். கொடுபடாத மஹரும் கடன்தான். இந்தப் பிரிவை உண்டாக்கியவர்கள் நாம்.

பெருமானார் (ஸல்) அவர்கள் முன்னிலையில் ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, இவர் கடன்பட்டிருக்கிறாரா என்று கேட்டார்கள். மூன்று தீனார் கடன் உண்டு, அதை அடைக்க அவர் எதுவும் விட்டுச் செல்லவில்லை என்று சொல்லப்பட்டது. உங்கள் தோழருக்கு நீங்களே தொழுதுகொள்ளுங்கள் என்று ஒதுங்கிக் கொண்டார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் முன்வந்து அந்தக் கடனைத் தம்மேல் ஏற்றுக் கொண்ட பிறகே தொழ வைத்தார்கள். புகாரியில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது. வேறோர் அறிவிப்பில் இரண்டு தீனார் என்று வருகிறது. அதில் இன்னொரு செய்தியும் உண்டு. மறுநாள் அபூகதாதாவைப் பார்த்து, அந்த இரண்டு தீனார் என்னவாயிற்று என்று நபியவர்கள் விசாரித்தார்கள். அவர் நேற்றுத்தானே மவுத்தானார் என்றார் அபூகதாதா. அடுத்த முறை கேட்டபோது, கொடுத்துவிட்டேன் என்றார். இப்பொழுதுதான் அவருடைய மேனி குளிர்ந்தது என்று அருளினார்கள். பொறுப்பு என்று வாயால் சொன்னது ஜனாஸாத் தொழுகைக்குப் போதுமானதாக இருந்தது. மையித்தின் மேனி குளிர்வதற்குப் போதுமானதாக இல்லை. ஸஃபுக்கு முன்னால் நின்று அறிவிக்கும் பிள்ளைகள் இதை நினைவில் வைக்க வேண்டும். பிற்காலத்தில் வெற்றிகள் வந்து பைத்துல்மாலில் செல்வம் சேர்ந்தபோது, கடனோடு மவுத்தாகும் முஃமின்களின் கடனைத் தாமே அடைப்பதாகப் பெருமானார் அறிவித்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஏழைக் கடனாளிகள் மனம் உடைந்து போவார்கள்.

இனி, திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் எது? தொழுகையைப் பற்றியதா, ஹஜ்ஜைப் பற்றியதா? இல்லை. அல்பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம்தான் அது. மதீனாவில் அச்சாகும் முஸ்ஹஃபில் முழுதாக ஒரு பக்கத்தை நிறைக்கிறது. அது பேசுவதெல்லாம் தவணைக் கடனை எழுதி வைப்பதைப் பற்றித்தான். அதற்கு முந்திய வசனம் அல்லாஹ்விடம் திரும்பிச் செல்லும் நாளை அஞ்சச் சொல்கிறது. அந்த நாளை நினைவூட்டிய கையோடு, எழுதுகோலை எடுக்கச் சொல்கிறது திருமறை!

எவ்வளவு நுணுக்கமாகப் பேசுகிறது பாருங்கள். எழுதுபவன் நீதியோடு எழுத வேண்டும். எழுதத் தெரிந்தவன் மறுக்கக் கூடாது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் தவணையோடு எழுதச் சலிப்படையக் கூடாது. இரண்டு ஆண்கள், அல்லது ஓர் ஆணும் இரு பெண்களும் சாட்சியாக வேண்டும். சாட்சிக்கு அழைக்கப்பட்டவர்கள் மறுக்கக் கூடாது. கைக்குக் கை நடக்கும் ரொக்க வியாபாரமாக இருந்தால் எழுதாமல் விடுவதில் குற்றமில்லை. எழுதியவருக்கும் சாட்சிக்கும் தொல்லை கொடுக்கக் கூடாது. இந்தக் கடைசிச் சொல்லைப் படிக்கும்போதெல்லாம் நம்மை அறியாமல் ஒரு பெருமூச்சு வரும். எழுதிக் கொடுக்கப் போய் இரண்டு தரப்பாரிடமும் ஏச்சு வாங்கியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இவை எல்லாவற்றினும் நாம் நின்று சிந்திக்க வேண்டிய இடம் வேறொன்று. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார்? கொடுத்தவர் அல்லர், வாங்கியவர்! கடன் யார்மீது இருக்கிறதோ அவரே வாசகத்தைச் சொல்ல, எழுதுபவர் எழுத வேண்டும். சொல்பவர் தன் ரப்பை அஞ்சி, அதில் எதையும் குறைத்துவிடக் கூடாது என்பது கட்டளை. வாங்கியவர் தம் வாயால் ஒப்புக்கொள்வதே அவர்மீது வலுவான ஆதாரம் என்று முஃபஸ்ஸிர்கள் விளக்கம் சொல்கிறார்கள். நமக்குத் தோன்றுவது என்னவென்றால், வாங்கும் நேரத்தில் வாங்குபவர்தான் பலவீனமான ஆள். கொடுப்பவர் கையில் பணம் இருக்கிறது. வாங்குபவருக்குத் தேவை இருக்கிறது. எழுதுகோலையும் கொடுப்பவர் கையிலேயே கொடுத்துவிட்டால் ஏழையின் கதி என்ன?

நம் நாட்டில் நடப்பதோ முற்றிலும் தலைகீழ். கடைக்காரர் தம் பேரேட்டில் தாமே எழுதிக் கொள்கிறார். வாங்கியவர் அந்தப் பக்கத்தைப் பார்த்ததே கிடையாது. வட்டிக்காரர்களோ வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்து வாங்கிக் கொண்டு, தொகையைப் பிறகு தங்கள் இஷ்டத்துக்கு நிரப்பிக் கொள்கிறார்கள். வட்டிக்கு வாங்குவதே பாவம்; அதில் வெற்றுத் தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்து கண்ணீர் விடும் நம் சகோதரர்களை என்ன சொல்வது! எழுத்து என்றாலே நம் மக்களுக்கு ஒரு பயம் உண்டாகிவிட்டதற்கு இத்தகைய எழுத்துகளே காரணம். அல்லாஹ் சொன்ன எழுத்து அதுவன்று.

எழுதி வைப்பது கட்டாயக் கடமையா, விரும்பத்தக்கதா என்பதில் இமாம்கள் பேசியிருக்கிறார்கள். இமாம் இப்னு ஜரீர் தபரீ (ரஹ்) போன்றோர் வாஜிப் என்றார்கள். பெரும்பான்மையோர் முஸ்தஹப்பு என்றே கொண்டார்கள். அடுத்த வசனத்தில், ஒருவரையொருவர் நம்பியிருந்தால் நம்பப்பட்டவர் அமானிதத்தை ஒப்படைக்கட்டும் என்று வருவதை அவர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள். ஷாபி, ஹனபி இரு மத்ஹபாருக்கும் இதுவே வழி. ஆகவே எழுதாதவர் பாவி என்று நாம் சொல்லவில்லை. ஆனால் முஸ்தஹப்பு என்று தெரிந்தவுடன் அதை மூட்டைகட்டி வைத்துவிடுகிறோமே, ஸுன்னத்தான தொழுகைகளை அப்படி விட்டுவிடுகிறோமா?

எழுதலாம் என்று யாரேனும் சொன்னால் உடனே வரும் பதில் நாமனைவரும் அறிந்ததே. நமக்குள் எழுத்து எதற்கு? என்மேல் நம்பிக்கை இல்லையா? காக்கா தம்பிக்குள் கணக்கா? புருஷன் பெஞ்சாதிக்குள் புரோநோட்டா?

இதற்கு நாம் சொல்லக்கூடிய முதல் பதில், அந்த வசனம் ஈமான் கொண்டவர்களை விளித்துத்தான் தொடங்குகிறது என்பதே. நம்பத்தகாதவர்களுக்காக இறங்கியதாயின் வேறு விதமாகத் தொடங்கியிருக்கும். இரண்டாவது, அல்அமீன் என்று பகைவர்களாலும் அழைக்கப்பட்ட பெருமானார் (ஸல்) அவர்களே, அத்தா பின் காலித் (ரலி) அவர்களுடன் நடந்த ஒரு கொடுக்கல் வாங்கலுக்குப் பத்திரம் எழுதியிருக்கிறார்கள். திர்மிதீயில் இந்தச் செய்தி இருக்கிறது. உலகத்திலேயே யாருடைய வாய்ச்சொல் போதுமானதோ, அவர்கள் எழுதினார்கள். நம் வாய்ச்சொல்லை மட்டும் போதும் என்று நாம் எப்படிக் கருதிக்கொண்டோம்?

மூன்றாவது பதில் நம் ஆதி பிதாவைப் பற்றியது. திர்மிதீயில் வரும் ஹதீஸின் கருத்து இது: ஆதம் (அலை) அவர்களுக்கு அவர்களுடைய சந்ததிகள் காட்டப்பட்டபோது, அவர்களுள் ஒளி வீசிய தாவூத் (அலை) அவர்களைக் கண்டு மகிழ்ந்து, தம்முடைய ஆயிரம் ஆண்டு ஆயுளிலிருந்து ஒரு பகுதியை அவர்களுக்கு வழங்கினார்கள். ஓர் அறிவிப்பில் நாற்பது ஆண்டுகள், இன்னொன்றில் அறுபது. காலம் கழிந்து மலக்குல்மவுத் வந்து நின்றபோது, என் ஆயுள் இன்னும் மீதமிருக்கிறதே என்றார்கள் ஆதம் (அலை). தாவூதுக்குக் கொடுத்ததை மறந்துவிட்டார்கள். மறந்ததால் மறுத்தார்கள். அவர்கள் மறந்ததால் மக்களும் மறக்கிறார்கள். அவர்கள் மறுத்ததால் மக்களும் மறுக்கிறார்கள். அன்றிலிருந்துதான் எழுத்தும் சாட்சியும் கட்டளையாயின என்று ஓர் அறிவிப்பு முடிகிறது.

இதில் மோசடி எங்கே இருக்கிறது? ஒரு நபியிடம் மோசடியைப் பற்றிப் பேச முடியுமா? இருந்ததெல்லாம் மறதி. அன்பினால் கொடுத்ததைத்தான் மறந்தார்கள். நமக்குள்ளும் அப்படித்தான். கொடுத்தவரின் நினைவில் தொகை மெல்ல மெல்லக் கூடுகிறது. வாங்கியவரின் நினைவில் மெல்ல மெல்லக் குறைகிறது. இருவரும் பொய் சொல்வதில்லை. இருவரும் குர்ஆனின் மேல் சத்தியம் செய்யவும் தயாராக இருப்பார்கள். எத்தனையோ குடும்பங்களில் இரண்டு நல்ல மனிதர்கள் பல்லாண்டுகள் பேசாமல் இருந்து, ஒருவர் மையித்துக்கு மற்றவர் வராமற்போனது இப்படித்தான். எழுதுவது நம்பிக்கையில்லாததற்கு அடையாளம் என்கிறார்கள். நாம் பார்த்த வரையில் நம்பிக்கை அழிந்த இடங்களெல்லாம் எழுதாமல் விட்ட இடங்கள்தான்.

கடன் மனிதனை என்ன செய்யும் என்பதைப் பெருமானார் (ஸல்) அவர்களைப் போல் அறிந்தவர் யார்? தொழுகையில் பாவத்தை விட்டும் கடனை விட்டும் பாதுகாவல் தேடுவார்கள். இவ்வளவு அதிகமாகக் கடனை விட்டுப் பாதுகாவல் தேடுகிறீர்களே என்று ஒருவர் கேட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் பேச நேர்கிறது, வாக்களித்தால் மாற நேர்கிறது என்று காரணம் சொன்னார்கள். உண்மையே பேசி வந்தவர்கூட, வாசற்கதவு தட்டப்படும்போது, வாப்பா வீட்டில் இல்லை என்று சொல் என்று பிள்ளையைப் பழக்குகிறாரே! கடன் அவருடைய பணத்தோடு நிற்கவில்லை. பிள்ளையின் நாவிலும் கை வைத்துவிட்டது.

தொழில் செய்யுமிடங்களிலும் எழுதாத கடன் ஏராளம். அக்காலத்தில் கொழும்பிலும் பினாங்கிலும் சென்னையிலும் நம்மவர் கடைகளில் வேலை பார்த்த பையன்கள் சம்பளத்தைக் கையில் வாங்குவதில்லை. முதலாளியிடமே கிடக்கும். இரண்டு மூன்று வருடம் கழித்து ஊருக்குக் கப்பலேறும்போது கணக்குப் பார்த்துக் கொடுப்பார்கள். நாணயமான முதலாளிகள் ஒரு காசு பிசகாமல் கொடுத்தார்கள். அவர்களை நாம் கண்டிருக்கிறோம். ஆனால் கணக்கு ஒரு பக்கத்து நோட்டில் மட்டும் இருந்தது. முதலாளி மவுத்தாகி, கடை மக்கள் கைக்கு மாறியபோது, அந்த நோட்டு எங்கே என்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்பியவர்களும் உண்டு. குகைக்குள் அடைபட்ட மூவரின் ஹதீஸில், கூலியை விட்டுப்போன ஆளின் தானியத்தை வளர்த்து, ஆடு மாடாகத் திருப்பிக் கொடுத்த முதலாளி வருகிறார். அவருக்கு எழுத்து தேவைப்படவில்லை. நாம் அவரல்லர்.

இப்பொழுது வெளிநாட்டிலிருந்து பணம் நொடியில் வந்துவிடுகிறது. வங்கியிலும் கைபேசியிலும் தொகையும் தேதியும் பதிவாகியே இருக்கின்றன, ஆகவே தனியாக எழுதத் தேவையில்லை என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். பணம் போனது அதில் தெரியும். எதற்காகப் போனது என்பது தெரியுமா? தம்பி காக்காவுக்கு ஐந்து லட்சம் அனுப்புகிறார். அது கடனா, அன்பளிப்பா, உம்மாவின் மருத்துவச் செலவா, தம்பி பேரில் மனை வாங்கவா, இருவரும் கூட்டாக வாங்கவா? மனை காக்கா பேரில் பதிவாகிவிட்ட பிறகு இந்த ஐந்து கேள்விக்கும் ஐந்து பேர் ஐந்து பதில் சொல்வார்கள். அனுப்பும் அன்றே, இது இன்னதற்கு என்று இரண்டு வரி எழுதி, பெற்றுக்கொண்டவர் ஒப்புக்கொண்டு பதில் எழுதட்டும். கைபேசியிலானாலும் சரி, அதைத் தாளிலும் எடுத்து வைத்துக் கொள்ளட்டும்; கைபேசி உடையும்.

நாட்டுச் சட்டப்படி, 1963-ஆம் ஆண்டின் காலவரைச் சட்டத்தின்கீழ், கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோநோட்டின்மேல் மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். இடையில் வரவு வைக்கவோ எழுத்தில் ஒப்புக்கொள்ளவோ செய்யாவிட்டால் கோர்ட்டில் செல்லாது. இதைக் காரணம் காட்டி, மூன்று வருடம் முடிந்துவிட்டது, இனி ஒன்றுமில்லை என்று நிம்மதியாக இருப்போரும் நம்மிலே இருக்கிறார்கள். மூன்று ஆண்டு வழக்கு மன்றத்தின் கணக்கு. ஷஹீதுக்கு எல்லாப் பாவமும் மன்னிக்கப்படும், கடனைத் தவிர என்பது முஸ்லிமில் வரும் ஹதீஸ். அங்கே காலாவதி இல்லை.

ஸுபைர் (ரலி) அவர்களின் கடனை வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். ஹிஜ்ரி 36-ல், ஜமல் யுத்த நாளில், தம் மகன் அப்துல்லாஹ்வை அழைத்து, என் பெருங்கவலை என் கடன்தான், அதை அடைத்துவிடு, இயலாமற்போனால் என் எஜமானிடம் உதவி கேள் என்றார்கள். எஜமான் யாரென்று மகனுக்கு விளங்கவில்லை. அல்லாஹ் என்றார்கள். எப்படி வந்த கடன் அது? மக்கள் அமானிதமாகப் பொருளைக் கொண்டுவந்து கொடுத்தால், வேண்டாம், கடனாகவே இருக்கட்டும், அமானிதமாக இருந்து தொலைந்து போனால் உங்களுக்கு நஷ்டமாகிவிடுமே என்று சொல்லித் தம்மேல் பொறுப்பை ஏற்றிக் கொண்டதால் வந்தது. மகன் கூட்டிப் பார்த்தபோது 22 லட்சம்! 1,70,000-க்கு வாங்கிய ஃகாபா நிலம் 16 லட்சத்துக்குப் போனது. கடனெல்லாம் தீர்ந்தது. மற்றப் பிள்ளைகள், இனி எங்கள் பங்கைப் பிரித்துக் கொடு என்றார்கள். அப்துல்லாஹ் (ரலி) மறுத்துவிட்டார்கள். நான்கு ஆண்டுகள், ஒவ்வொரு ஹஜ்ஜுக் காலத்திலும், ஸுபைரிடம் கடன் வரவேண்டியவர்கள் வாருங்கள் என்று மக்கள் கூடும் இடத்தில் அறிவிப்புச் செய்தார்கள். நான்காம் ஆண்டு கழிந்த பிறகே பங்கு பிரித்தார்கள்.

நாம் அறிவிப்பது அரை நிமிடம்.

கொடுத்தவர்களுக்கும் ஒரு சொல். எழுத்து கையில் இருக்கிறது என்பதற்காக இல்லாதவனின் கழுத்தை நெரிக்க அது கயிறாகிவிடக் கூடாது. அதே அல்பகராவின் 280-வது வசனம், கடனாளி சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது; விட்டுக்கொடுப்பது இன்னும் சிறந்தது என்கிறது. கஅபு பின் மாலிக் (ரலி) அவர்கள் பள்ளிவாசலில் வைத்து இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களிடம் கடனைக் கேட்டுக் குரல் உயர்ந்தபோது, பெருமானார் அறைத் திரையை விலக்கி, பாதியைத் தள்ளிவிடு என்று கையால் சைகை செய்தார்கள். தள்ளிவிட்டேன் என்றார் கஅபு. உடனே மற்றவரைப் பார்த்து, எழுந்து போய் மீதியைக் கொடு என்றார்கள். தள்ளுபடி செய்யவும் தொகை தெரிந்திருக்க வேண்டுமல்லவா? பாதி என்றால் எதில் பாதி?

எழுதுவதற்குப் பத்திர எழுத்தர் தேவையில்லை. ஒரு வெள்ளைத் தாள் போதும். யார் யாரிடம், என்ன, எவ்வளவு, எந்தத் தேதியில் வாங்கினார், எப்போது தருவார் என்று வாங்கியவரே தம் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டு பேர் சாட்சியும் போட்டுக் கொடுத்தவரிடம் ஒப்படைப்பது. நகையாக இருந்தால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். தங்கத்தைத் தங்கமாகத் திருப்ப வேண்டுமா, அல்லது அன்று விற்ற பணத்தைத் திருப்ப வேண்டுமா என்பதை அப்பொழுதே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். நகையையே கடனாகக் கொடுத்திருந்தால் அதே எடைத் தங்கம் திரும்ப வேண்டும். அவரே விற்றுப் பணத்தைக் கடனாகக் கொடுத்திருந்தால் பணம். இதை எழுதாமல் விட்டுவிட்டு, இருபது வருடம் கழித்துச் சவரன் விலையைப் பார்த்துவிட்டு ஆலிமிடம் வந்து நின்றால் அவர் என்ன செய்வார்? வஸிய்யத்துக்குரிய பொருள் இருப்பவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள் கழிப்பது தகாது என்ற ஹதீஸைக் கேட்டதிலிருந்து, எழுதிய வஸிய்யத் இல்லாமல் ஓர் இரவுகூடத் தாம் உறங்கியதில்லை என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் சொன்னதையும் இங்கே நினைவுகூர்வது நலம்.

அந்த எட்டில் ஒன்றை எழுதிவிட்டு வந்த வாரத்தில், நம் வீட்டு நிலைமை என்னவென்று எண்ணிப் பார்த்தோம். 1996-ல் மாடி கட்டும்போது நம் வீட்டாரின் நகையை வாங்கி விற்றது நினைவுக்கு வந்தது. ஊருக்கெல்லாம் பங்கு பிரிக்கும் நாமும் எழுதி வைக்கவில்லை! தாளை எடுத்துக்கொண்டு அவர்கள் எதிரில் உட்கார்ந்தோம். என்ன இது புதுப் பழக்கம், பயமாக இருக்கிறது, உடம்புக்கு ஏதுமா என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லி, வாங்கியவர்தானே வாசகம் சொல்ல வேண்டும் என்று நாமே வாயால் சொல்லிக்கொண்டே எழுதினோம். எட்டு சவரன் என்று எழுதினோம்.

"எட்டரை" என்றார்கள்.

எட்டுத்தானே, காப்பு நான்கும் சங்கிலி நான்கும் என்றோம்.

"கடையில எடை போட்டப்போ துட்டு பத்தலைன்னு நீங்க முழிச்சீங்க. பெரியவ பொறந்தப்ப எங்க உம்மா போட்ட மோதிரத்த நான் அங்கேயே கழட்டிக் குடுத்தேன்ல."

நமக்கு அந்த மோதிரம் சுத்தமாக நினைவில் இல்லை. எட்டு என்பதை அடித்துவிட்டு எட்டரை என்று எழுதி, தங்கமாகவே தர வேண்டியது என்றும் சேர்த்துக் கையெழுத்திட்டோம். பெரிய மகன் சாட்சிக்கு வந்தார். பெற்றோருக்குப் பிள்ளைகளின் சாட்சி செல்லாது என்று அவரை உட்கார்த்திவிட்டு, பக்கத்து வீட்டு ஹாஜியாரையும் பள்ளிவாசல் மோதினாரையும் அழைத்துவர ஆள் அனுப்பினோம்.